மூன்றாவது பட்டன்

உள்ளறையில் 'பட்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஏதோ ஒன்று தரையில் விழுந்து, துள்ளி, உருண்டு போகும் சத்தம்.

கூடத்தில் ஒரு பழைய பூட்டின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவர் தலையைத் தூக்கவில்லை.

"போச்சா?" என்றார்.

"போச்சு," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"எத்தனாவது?"

"இது என்ன கேள்வி? மூணாவதுதான்."

"மூச்ச கொஞ்சம் உள்ள இழுத்துக்கிட்டுப் போட்டுப் பாரேன்."

"மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டு எட்டு மணி நேரம் பஸ் ஓட்டணுமா? நீங்க மூச்ச புடிச்சுக்கிட்டு ஒரே ஒரு பூட்டத் திறந்து காட்டுங்க, பாப்போம்."

பூட்டுக்காரர் பூட்டின்மேல் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அந்தச் சட்டையை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கும்படி காலையிலிருந்து கெஞ்சியவர் அவர்தான். மறுநாள் பத்து மணிக்கு விசாரணை. டிப்போ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டால் மனைவிக்குப் பஸ் திரும்பக் கிடைத்துவிடும். கையெழுத்துப் போடாவிட்டால் ஓட்டுநர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை சாவி அறையில் உட்கார்ந்து, மற்ற ஓட்டுநர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். எட்டு நாளாக அந்த வேலையில்தான் இருந்தாள்.

"வீட்டுல பூட்டு, வேலையில சாவி. பொருத்தம் பாத்துக் கட்டி வச்சிருக்காங்க," என்று முதல் நாள் சொல்லிச் சிரித்தாள். இரண்டாம் நாளிலிருந்து சிரிக்கவில்லை.

தெருவில் எல்லாரும் அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். டிப்போவில் இன்னொரு பெயரும் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, அவள் ஓட்டும் பஸ்ஸின் பின்பக்கத்துப் புழுதியில் யாரோ விரலால் 'டபுள் டெக்கர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அது எதைச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஷெட்டில் நின்றவர்கள் அவள் அழுவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். அவள் விரலை நீட்டி அதன் கீழே இன்னொரு வரி எழுதினாள்: 'குட்டைப் பாலங்கள் ஒதுங்கி நிற்கவும்.' ஒரு நாள் முழுக்க அந்த இரண்டு வரியோடும் ஊரைச் சுற்றி வந்தாள். மறுநாளிலிருந்து எவனும் விரலை அழுக்காக்கிக்கொள்ளவில்லை.

அந்தத் துணிச்சல் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. பன்னிரண்டு வயதில் வகுப்பிலேயே முதலாவதாக வளர்ந்துவிட்ட பெண் அவள். அம்மா அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாள்: "கொஞ்சம் குனிஞ்சு நடம்மா." அந்த ஒரு வார்த்தை அவள் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி பள்ளிக்கூடம் போனாள். கோடை வெயிலிலும் மேலே ஒரு தடித்த ஸ்வெட்டர். தையல் கடையில் அளவெடுக்கிறவர், மரியாதைக்காக டேப்பை அக்குளுக்குக் கீழே, மேடு தொடங்குவதற்கு முன்பே சுற்றி, "சரியாயிருக்கும்மா," என்று சொல்லி அனுப்பிவிடுவார். சரியாய் இருந்த சட்டை ஒன்றுகூட அவளிடம் கிடையாது. அளவெடுத்தவரின் மரியாதை தைத்து வந்த சட்டையில் பிதுங்கி நிற்கும்.

இருபத்து மூன்று வயதில் பஸ் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். சொல்லிக் கொடுத்தவர் எரிந்து விழுகிற ஆள். "முதுகு சீட்டுல ஒட்டணும்மா. கூனிக்கிட்டு ஓட்டினா கண்ணாடி தெரியாது, ஆள அடிச்சுடுவ," என்று கத்தினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒருவர் அவளை நிமிர்ந்து உட்காரச் சொல்லியிருந்தார். அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. முதுகு வலித்தது. அந்த வலிகூட இனித்தது.

அந்தச் சீட்டைத்தான் இப்போது பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குக் காரணம் சட்டை.

டிப்போவில் சீருடை கொடுக்கும் ஸ்டோர்காரர் ரொம்ப நல்ல மனிதர். கெட்ட பார்வை கிடையாது. பார்வையே கிடையாது என்று சொல்ல வேண்டும். ஒரு பெண் உள்ளே நுழைந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். "உயரம் மட்டும் சொல்லும்மா, மத்ததெல்லாம் நம்மகிட்ட இருக்கு," என்பார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு எண். டிப்போவில் முதன்முதலாகச் சேர்ந்த பெண் ஓட்டுநரின் நெஞ்சளவு, முப்பத்தாறு. அவருக்குப் பிறகு வந்த பதினான்கு பெண்களுக்கும் அதே முப்பத்தாறைத்தான் எழுதினார். டேப் எடுத்து அளக்க அவருக்குக் கூச்சம். 'இது பத்தாது' என்று சொல்ல வந்தவர்களுக்கும் கூச்சம். அப்படி இரண்டு கூச்சங்கள் சேர்ந்து ஒரு சட்டத்தையே போட்டுவிட்டன.

அந்தச் சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையை நீட்டினால் இரண்டாவது பட்டனுக்கும் நான்காவதற்கும் நடுவே சட்டை வாயைப் பிளக்கும். உள்பக்கமாக ஊக்கு குத்திக்கொண்டு ஓட்டினாள். ஒருநாள் சட்டென்று பிரேக் போட்டபோது ஊக்கு திறந்து அவளையே குத்தியது. ரத்தத்தோடு கடைசி நிறுத்தம்வரை ஓட்டினாள். அதன்பிறகு, "ஆம்பளைங்க சட்டையில நாப்பத்தி நாலு குடுங்க," என்று கேட்டு வாங்கிப் போட்டாள். நெஞ்சு சேர்ந்தது. ஆனால் தோள் முழங்கைப் பக்கம் தொங்கியது, கழுத்துக்குள் இன்னொரு கழுத்தை விடலாம், கை விரலை மூடியது. மடித்து மடித்து ஏற்றிக்கொண்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வளைவில் அந்த மடிப்பு பிரிந்தது. தொங்கிய கைப்பட்டி கியர்க் கம்பியில் மாட்டிக்கொள்ள, கையை இழுக்க முடியாமல் பஸ் நடைபாதையில் ஏறி நின்றது. முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவருக்கு உதடு கிழிந்தது. அவ்வளவுதான், வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. பெரியவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பரவாயில்லம்மா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அந்தப் 'பரவாயில்லம்மா' அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் நாத்தனாரிடம் நான்கு சட்டைகளையும் ஒரு கத்தரியையும் கொடுத்தாள். "வெட்டு," என்றாள்.

நாத்தனார் சட்டைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாகக் காலர் மட்டும் தைக்கிறவள். நாள் ஒன்றுக்கு முந்நூறு காலர். அதனால் வீட்டிலும் அவளுக்குப் பெயர் காலர்தான். குச்சி மாதிரி உடம்பு, ஊசி மாதிரி நாக்கு.

"அண்ணி, கழுத்துக்குக் கீழ மனுஷனுக்கு என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. எனக்கும் பெருசா ஒண்ணும் இல்ல," என்றாள்.

"தெரிஞ்சுக்கோ."

தெரிந்துகொண்டார்கள். பெரிய சைஸ் என்றால் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறார்கள் என்று காலர் கண்டுபிடித்தாள். "நெஞ்சு வளந்தா கழுத்தும் வளரும், கையும் நீளும்னு எவனோ நெனச்சிருக்கான். அவன் பொம்பளையே பாத்ததில்லையோ என்னவோ," என்றாள். தோளை உள்ளே வெட்டினாள். கைக்குழியை மேலே ஏற்றினாள். பக்கத் தையலிலிருந்து மேட்டை நோக்கித் துணியை உள்ளே மடித்து, கூராக முடித்தாள். அதற்கு டாட் என்று பெயர். முதல் டாட் தப்பான இடத்தில் முடிந்து, நெஞ்சில் இரண்டு கூம்பு முளைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அண்ணியும் நாத்தனாரும் கண்ணாடி முன்னால் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஐந்தாவது முயற்சியில் படிந்தது. மேட்டின் நேர் உச்சியில் ஒரு பட்டன், அது நுழைய ஒரு காஜா, அங்கிருந்து மற்ற பட்டன்களுக்கு இடம். நான்கு சட்டையை வெட்டி இரண்டு சட்டை தேறியது.

முப்பத்தேழு வயதில் டிரைவரம்மா முதல் தடவையாக ஒரு சட்டைக்குள் முழு மூச்சு விட்டாள். ஒரு மாதம் அதைப் போட்டு ஓட்டினாள். பிறகு ஒரு பரிசோதகர் எழுதிக் கொடுத்துவிட்டார்: 'டிப்போவின் உடைமையான சீருடையை விதிக்கு மாறாக வெட்டித் தைத்தது.'

இதெல்லாம் நடந்துதான் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து நின்றது. உள்ளறையில் டிரைவரம்மா அந்த முப்பத்தாறைக் கழற்றி எறிந்துவிட்டு, வீட்டில் போடும் தொளதொள உடுப்புக்கு மாறினாள். காலர் தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பட்டனைத் தேடினாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

பூட்டுக்காரர் எழுந்து போய்த் திறந்தார். ஊர்ப் பூட்டையெல்லாம் சரி செய்கிறவர் வீட்டுக் கதவு மட்டும் நேராகச் சாத்தாது, நேராகத் திறக்கவும் செய்யாது. கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். இழுத்தார்.

வாசலில் நின்றது உதவி மேலாளர். டிப்போவின் முதல் பெண் ஓட்டுநராக வந்து, படிப்படியாக ஏறி அந்த நாற்காலிக்குப் போனவர். நாளைய விசாரணையில் உட்காரப் போகும் மூன்று பேரில் ஒருவர். முன்னும் பின்னும் ஒரே நேர்கோடாக இருப்பதால் ஸ்கேல் மேடம் என்று பெயர். அதே சீருடைச் சட்டைதான், தோளில் மட்டும் கூடுதலாக ஒரு பட்டை. மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது.

"வாங்க மேடம், உக்காருங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் பூட்டுக்காரர்.

அவர் உட்கார்ந்தார். ஆனால் சாயவில்லை. ஏதோ காலில் தட்டுப்பட, மெதுவாகக் குனிந்து எடுத்தார். உள்ளறையிலிருந்து ஓடி வந்த பட்டன்.

"மூணாவதா?" என்றார், உள்ளே இருந்து வந்த டிரைவரம்மாவைப் பார்த்து.

டிரைவரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்கேல் மேடம் பட்டனை மேசைமேல் வைத்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"நல்லதுக்குச் சொல்றேன், கேளு. மத்த ரெண்டு பேரும் உன்ன எடுத்துடணும்னே உக்காந்திருக்காங்க. நாந்தான் கெஞ்சி இந்தத் தாள வாங்கிட்டு வந்தேன். ஒரே ஒரு கையெழுத்து. அப்புறம் அந்த ரெண்டு சட்டையையும் குடுத்துடு. நாளைக்குச் சாயந்திரமே வண்டியில ஏறிக்கலாம்."

டிரைவரம்மா தாளைப் படித்தாள். 'அறியாமல் செய்த பிழைக்கு வருந்துகிறேன். இனி டிப்போ வழங்கும் சட்டையையே அணிவேன்.'

"அறியாமன்னு போட்டிருக்கு. நான் அறிஞ்சுதான் செஞ்சேன்."

"வார்த்தையில என்ன இருக்கு?"

"இந்தச் சட்டையில என்ன இருக்குன்னு நீங்க கேக்கலியே மேடம். ஊக்கு குத்தின தழும்பு இருக்கு, காட்டட்டா? ஒரு பெரியவரு உதட்டு ரத்தம் இருக்கு. உங்களுக்கு என்ன, ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி உடம்பு. உங்க அளவத்தானே எங்க தலையில கட்டியிருக்காங்க."

"அண்ணி," என்று பின்னாலிருந்து காலர் மெல்லக் கூப்பிட்டாள். அவள் பார்வை ஸ்கேல் மேடத்தின் முதுகில் இருந்தது. தையல்காரியின் கண். சட்டைக்கு அடியில், முதுகின் குறுக்கே, விரல் தடிமனுக்கு ஒரு வரப்பு ஓடுவதை அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

"நீ சும்மா இருடி. நான் பேசி முடிச்சுடறேன்."

"பேசினது போதும்," என்று ஸ்கேல் மேடம் வேகமாக எழுந்தார். "எத்தன வருஷம் நான் இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன் தெரியுமா? நானும் ஒரு பொம்பளதான். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டுத்தான்…"

வார்த்தை அங்கேயே நின்றது. மூச்சு வரவில்லை. உதடு வெளுத்தது. மேசையைப் பிடிக்க நீண்ட கை காற்றைப் பிடித்தது. காலர் பாய்ந்து தாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நீ வெளிய போய் மாடிப்படியில நில்லு. கூப்பிடறவரைக்கும் வராத. அண்ணி, கால புடிங்க."

இருவரும் அவரை உள்ளறைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். சட்டைப் பட்டன்களைக் கழற்றிய காலரின் கை நின்றுவிட்டது. உள்ளே துணி. அக்குளிலிருந்து இடுப்புவரை, சுற்றுக்கு மேல் சுற்றாக, பாடம் பண்ணிய பிணத்தைச் சுற்றியதுபோல் இறுக்கமாகக் கட்டிய துணி. ஓரத்தில் வரிசையாக ஊக்குகள்.

ஒவ்வொரு ஊக்காக எடுத்தாள். துணி பிரியப் பிரிய அந்த ஸ்கேல் உடம்பு மெல்ல மெல்ல வேறு உடம்பானது. கடைசிச் சுற்று விழுந்தபோது கட்டிலில் கிடந்தது நிறைந்த மார்புள்ள ஒரு பெண். நெடுநாள் கயிறு கட்டியிருந்த மரத்தில் தழும்பு விழுந்திருக்குமே, அதுபோல அவர் தோல்மேல் கறுத்த வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக.

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலர் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

முகத்தில் தண்ணீர் பட்டதும் அவர் கண் திறந்தது. முதலில் கை சட்டையைத் தேடியது.

"யாரெல்லாம் பாத்தீங்க?"

"நாங்க ரெண்டு பேருதான்," என்று போர்வையை இழுத்து மூடினாள் டிரைவரம்மா.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அது மேலாளரின் குரலாக இல்லை.

"மொத நாளு ஷெட்டு வாசல்ல நாப்பது பேரு நின்னாங்க. பொம்பள பஸ் ஓட்டறாளாம், பாக்கணும்னு. அவங்க எங்க பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும். பழைய போர்வையக் கிழிச்சு சுத்திக்கிட்டுப் போனேன். அன்னிக்கு ஒரு நாளைக்குன்னுதான் சுத்தினேன். இருபத்தாறு வருஷமாச்சு."

"அப்ப ஸ்டோர்ல எழுதியிருக்கிற முப்பத்தாறு?"

"அவரு செவுத்தப் பாத்துக்கிட்டு அளவு கேட்டாரு. கட்டின உடம்போட அளவச் சொன்னேன். எனக்கு அடுத்தவ வந்தப்போ அவருகிட்ட இருந்தது அது ஒண்ணுதான், அதயே எழுதினாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். 'அது பொய்யி, மாத்துங்க'ன்னு சொன்னா என்னோடத சொல்லணும். சொல்லல." கண்ணோரம் வழிந்தது. "எம் பட்டனும் அந்தக் காலத்துல மூணாவதுதாம்மா தெறிக்கும். கட்டு தளர்ற அன்னிக்கெல்லாம்."

டிரைவரம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. பதினோரு வருட ஊக்கு, கூச்சம், ரத்தம் எல்லாம் ஒரு பொய்யிலிருந்தா வந்தது? கத்த வேண்டும் போலிருந்தது. கட்டிலில் கிடந்தவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. போர்வை விலகிய இடத்தில் அந்தக் கறுத்த வளையம் தெரிந்தது. அவள் கை தானாகப் போய்ப் போர்வையைச் சரி செய்தது.

"அழாதீங்க மேடம். நீங்க அழுதா நான் எளகிப்போய்க் கையெழுத்துப் போட்டுடுவேன். அது ரெண்டு பேருக்குமே நல்லதில்ல."

ஸ்கேல் மேடம் எழுந்து உட்கார்ந்தார். "கையெழுத்தே வேணாம். நாளைக்கு நீ பாத்தத சொல்லு, போதும். அந்த அளவே பொய்யின்னு ஆயிடும். என்னால வாய் திறக்க முடியாது. நீ ஜெயிச்சுடுவ."

காலரின் கண் பளிச்சிட்டது. "அண்ணி, இது போதுமே."

"போதும்தான். ஆனா சொல்ல மாட்டேன்."

"ஏன் அண்ணி?"

"என் மாரப் பத்தி ஒரு டிப்போவே பேசினப்போ எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்டி. இவங்களோடத பேச வச்சுத்தான் எனக்கு வண்டி கெடைக்கணும்னா அந்த வண்டி எனக்கு வேணாம்." டிரைவரம்மா கூடத்துக்குப் போய், மேசைமேல் இருந்த தாளை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். "அதுக்காக இதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம். நீங்க கட்டிக்கிட்டீங்க. அன்னிக்கு உங்களுக்கு வேற வழி தெரியல. எனக்குத் தெரிஞ்சிருக்கு. சாவி ரூமுன்னா சாவி ரூமு. அங்கயும் இதே சட்டையப் போட்டுக்கிட்டு, முதுகு நிமிந்துதான் உக்காருவேன். சாவி வாங்க வர்ற ஒவ்வொருத்தனும் பாத்துட்டுப் போகட்டும்."

மாடிப்படியில் பூட்டுக்காரர் இருமி, தான் இன்னும் உயிரோடு இருப்பதைத் தெரியப்படுத்தினார்.

ஸ்கேல் மேடம் தரையில் கிடந்த துணியை எடுத்தார். ஒரு முனையைக் காலரிடம் நீட்டினார். "இத இழுத்துப் புடிச்சுக்கோம்மா. நேரமாச்சு, டூட்டி இருக்கு."

காலர் கையை நீட்டவில்லை. "மன்னிச்சுக்குங்க மேடம். பிரிக்கத்தான் என் கைக்குத் தெரியும். கட்ட வராது."

அவர் தானாகச் சுற்றப் பார்த்தார். ஒரு சுற்று வந்ததும் மூச்சு முட்டியது. விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் போட்டுப் பார்த்தார். முதல் பட்டன் சேர்ந்தது. இரண்டாவது முனகிக்கொண்டு சேர்ந்தது. மூன்றாவதற்கும் அதன் காஜாவுக்கும் நடுவே நான்கு விரற்கடை. வாசல்வரை போக முடியாது. தெருவில் எப்படி இறங்குவது? கண்ணாடியில் அதைப் பார்த்தபடி நின்றார்.

கதவின் பின்னால் ஆணியில் இரண்டு சட்டைகள் தொங்கின. அவர் வாங்கிப்போக வந்த சட்டைகள்.

"அதுல ஒண்ண எடு," என்றார்.

காலர் எடுத்துக் கொடுத்தாள். கை கொஞ்சம் நீளம், ஒரு மடிப்பு மடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது பட்டனைப் போடும்போது அறையில் மூன்று பேரும் மூச்சை நிறுத்தினார்கள். அது சத்தமில்லாமல், வீட்டுக்குத் திரும்பும் பிள்ளை மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது.

ஸ்கேல் மேடம் மூச்சை இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். நெஞ்சு விரிந்தது, சட்டை விரிந்து இடம் கொடுத்தது. பாதியில் இருமல் வந்தது. இருமலோடு ஒரு சிரிப்பும் வந்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். வட்டமாக எதையோ பிடித்தார். இடது பக்கம் ஒரு வளைவு, வலது பக்கம் ஒரு வளைவு. சட்டை எங்கும் வாய் பிளக்கவில்லை.

டிரைவரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இளகிப்போய்விடுவேன் என்று பயந்தவள் அல்லவா.

காலர் பழைய சட்டையின் தோளிலிருந்து பட்டையைப் பிரித்து, புதியதின் தோளில் நான்கு தையல் போட்டு நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இப்பதான் மேடம் நீங்க ஸ்கேல் இல்ல," என்றாள். "ஜாமெட்ரி பாக்ஸ் முழுசும் வந்திடுச்சு."

"வாயி," என்று அதட்டினாள் அண்ணி. ஆனால் மேடம் சிரித்துவிட்டார்.

"உள்ள வரலாமா? எதிர் வீட்டுக்காரரு என்ன திருடனப் பாக்கற மாதிரி பாக்கறாரு," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"வாங்க," என்றாள் டிரைவரம்மா.

உள்ளே வந்த பூட்டுக்காரர் மேடத்தைப் பார்த்தார், பட்டை மாறிய தோளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தவர், பதினைந்து வருட இல்லறத்தின் அனுபவத்தில் அதை மூடிக்கொண்டார்.

ஸ்கேல் மேடம் கையெழுத்து இல்லாத தாளை நான்காக மடித்துப் பைக்குள் போட்டார். மேசைமேல் இருந்த பட்டனையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு அங்க என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா. மூணு பேருல நான் ஒருத்தி. ஆனா உன் சட்டைய வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வாங்கிட்டேன். இதப் போட்டுக்கிட்டுத்தான் போய் உக்காரப் போறேன். சட்டை தப்புன்னா மொதல்ல எங்கிட்டருந்து கழட்டட்டும்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "மத்த ஒண்ண நீ போட்டுக்கிட்டு வா. பத்து மணிக்கு."

"மேடம், உங்க துணி," என்று காலர் அந்த நீளத் துணியைச் சுருட்டி எடுத்து வந்தாள்.

அவர் அதைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தைப் பார்த்தார் என்றும் சொல்லலாம். "உங்க அண்ணன் பூட்டுக்கு எண்ணெய் தொடைக்க ஆகும்," என்றார்.

படியிறங்கும் காலடிச் சத்தம் முதல் திருப்பம்வரை மெதுவாகக் கேட்டது. அதன்பிறகு வேகமெடுத்தது. இரண்டாம் மாடியைத் தாண்டியும் அது மூச்சு வாங்க நிற்கவில்லை. டிரைவரம்மா வாசலிலேயே நின்று கடைசிப் படிவரை கேட்டாள். பிறகு இரண்டு கையாலும் கதவைக் கொஞ்சம் தூக்கி, இழுத்துச் சாத்தினாள்.